சந்திரமுகி கட்டிலைத் தூக்கியபோது...

பேய்ப்படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறவர்கள் முதலில் யோசிப்பது மேக்கப்பைப் பற்றித்தான். கண் எப்போ சிவக்கணும்? முடி எப்போ விரியணும்? கணக்கு தப்பினால் தியேட்டரில் பயத்துக்குப் பதில் சிரிப்புதான் வரும் :-)

கடலூர், விழுப்புரம் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குப் பாதி விடை தெரியும். முக்கிய வேஷம் நேராக வந்து நிற்காது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், பின்னாலிருந்து பாட்டு கேட்கும், அப்புறம்தான் முழு வேஷமும் வெளியே வரும். காக்க வைக்கணும், அவ்வளவுதான்.

பி.வாசுவின் 'சந்திரமுகி' (2005) காக்க வைத்த படம். படத்தின் பெரும்பகுதியில் கங்கா (ஜோதிகா) சாதாரண மனைவி. சந்தேகமெல்லாம் துர்கா (நயன்தாரா) மேல். கடைசிப் பகுதியில், வெளியே போகக்கூடாது என்று புருஷன் தடுக்கும்போது கங்கா கட்டிலையே தூக்குகிறாள். கோரப் பல் இல்லை, நீள நகம் இல்லை. முகமும் குரலும் மட்டும்தான். நகையும் நாட்டியமுமாக முழுச் சந்திரமுகி வருவது க்ளைமாக்ஸில்.

ஆனால் உண்மையான பயம் கட்டிலைத் தூக்குவதில் இல்லை. அடுத்த நிமிஷம் செந்தில் (பிரபு) பேர் சொல்லிக் கத்தியதும் அவள் மறுபடி கங்கா ஆகிவிடுகிறாளே... அங்கேதான் வயிற்றைப் பிசைகிறது. நடந்தது எதுவுமே அவளுக்குத் தெரியாது. 1993-இல் ஃபாசில் இயக்கிய மூலப்படமான 'மணிச்சித்ரத்தாழு'விலும் ஷோபனா இப்படித்தான் திரும்பி வருவார்.

க்ரோனன்பெர்க்கின் 'தி ஃப்ளை'யில் (1986) திரும்பி வரும் வழியே கிடையாது. ஈயாக மாறப்போகும் விஞ்ஞானிக்கு முதலில் பலம் கூடுகிறது, சந்தோஷப்படுகிறான். பிறகு முதுகில் முரட்டு முடி. அப்புறம் நகம் கழல்கிறது, காது விழுகிறது. கழன்றதை எல்லாம் அவனே அலமாரியில் சேர்த்து வைக்கிறான். காதலி ஒவ்வொரு முறை வரும்போதும் அவன் கொஞ்சம் குறைந்திருக்கிறான்.

இரண்டு படத்துக்கும் கணக்கு ஒன்றுதான். பேய் எவ்வளவு வந்தது என்று எண்ணி எழுதினால் மேக்கப் லிஸ்ட்தான் மிஞ்சும். அந்த ஆள் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று எண்ணி எழுதணும். ஒவ்வொரு மாற்றத்தையும் அவரை நேசிக்கிற ஒருத்தர் பக்கத்திலிருந்து பார்க்கணும். முதல் சீனிலேயே கண் சிவந்துவிட்டால், இழந்தது யாரை என்றே நமக்குத் தெரியாது. தெரியாதவருக்காக யார் பயப்படுவார்கள்?

நீங்கள் பயந்த படம் எது? யோசித்துப் பாருங்கள், பேய் முகம் முதலில் ஞாபகம் வருகிறதா, அந்த ஆளின் பழைய முகமா?