ஏதென்ஸ் நகரத்தார் பாதியில் விட்ட வேலை

பூர்வ கிரேக்கர்களின் பெருமையைப் பேச வருகின்றவர்களில் பலர், அவர்களுடைய தெய்வங்களின் கதைகளையும், டிராய் யுத்தத்தையும், சலவைக்கல் கோவில்களையும் சொல்லி முடித்து விடுகின்றார்கள். இவைகளால் அந்நாட்டு ஏழை ஒருவனுக்காவது ஒரு வேளைக் கஞ்சி அதிகமாய்க் கிடைத்ததா என்று நாம் கேட்கின்றோம். அவர்களிடம் நாம் கற்க வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கின்றது.

கிரேக்க நாடு அக்காலத்தில் ஒரே ராஜ்யமாய் இருக்கவில்லை. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, கொரிந்து, தீப்ஸ் என்று தனித்தனிச் சட்டமும் படையும் கொண்ட நூற்றுக்கணக்கான நகர ராஜ்யங்களாய் இருந்தது. ஏதென்ஸில் அதிகாரமெல்லாம் "நல்ல பிறப்பினர்" என்று சொல்லிக் கொண்ட சில குடும்பத்தார் கையில் இருந்தது. ஏழைக் குடியானவன் கடன் வாங்கினால் தன் உடலையே ஈடு வைக்க வேண்டும். கடன் தீராவிட்டால் அடிமையாக விற்கப்படுவான். கி.மு. 594-ல் சோலன் என்பவர் இக்கடன்களை ரத்து செய்து, இனி மனித உடலை ஈடு வாங்கக் கூடாதென்று சட்டம் செய்தார்.

கி.மு. 508-ல் கிளைஸ்தனீஸ் என்பவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். பரம்பரையான 4 குலங்களுக்கிருந்த அரசியல் அதிகாரத்தை ஒழித்து, ஜனங்களை 10 புதிய பிரிவுகளாக்கினார். ஒவ்வொரு பிரிவிலும் நகரத்தான், கடற்கரையான், உள்நாட்டான் ஆகிய மூவரையும் கலந்து வைத்தார். பிரிவுக்கு 50 பேராக 500 பேர் கொண்ட சபை ஏற்பட்டது. ஒருவனைத் தகப்பன் பெயரால் மாத்திரம் அழைக்காமல் ஊர்ப் பெயரால் அழைக்கும்படியும் செய்தார். ஜாதிப் பட்டத்தை வெட்டி எறிந்த நம் தோழர்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

நிற்க, இவ்வளவு செய்தவர், குலச் சடங்குகளையும் பூசாரி உரிமைகளையும் மட்டும் பழைய வழக்கப்படியே விட்டுவிட்டார். அடிமைகளையும் பெண்களையும் சபை வாசலில் சேர்க்கவே இல்லை. பாம்பை அடித்தும் விஷப்பல்லைப் பிடுங்காமல் விட்ட கதைதான் இது!

பலன் என்னவாயிற்று? கி.மு. 451-ல், தாய் தகப்பன் இருவரும் ஏதென்ஸ் குடிகளாயிருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று பெரிக்ளீஸ் சட்டம் செய்தார். முன் வாசலில் துரத்தப்பட்ட பிறப்பு, கொல்லை வாசல் வழியாய் உள்ளே வந்துவிட்டது. சூரியன் தெய்வமல்ல, நெருப்பாய்க் காய்ந்த கல் என்றும், கிரகணம் வெறும் நிழலே என்றும் சொன்ன அனாக்ஸகோரஸ் மீது தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டி ஊரை விட்டே போகச் செய்தார்கள். கி.மு. 413-ல் அந்த ஏதென்ஸின் படை சிராக்யூஸில் சிக்கித் தப்பியோட இருந்த இரவில் சந்திர கிரகணம் பிடித்தது. குறிசொல்லிகள் 27 நாள் நகரக் கூடாதென்றார்கள். தளபதி நிக்கியாஸ் அதை நம்பிக் காத்திருந்தார். படை அழிந்தது, தளபதியும் கொல்லப்பட்டார், பிடிபட்டவர்களில் சுமார் 7,000 பேர் கல்வெட்டுங் குழிகளில் அடைக்கப்பட்டார்கள். எந்தத் தெய்வம் வந்து காப்பாற்றிற்று? இவ்வளவு பட்டும் புத்தி வராமல், கி.மு. 399-ல், ஊர்த் தெய்வங்களை ஒப்பவில்லை, வாலிபர்களைக் கெடுத்தான் என்று சாக்ரட்டீஸுக்கு விஷங் கொடுத்தார்கள். தீர்ப்புச் சொன்னவர்கள் அரசனோ பிரபுவோ அல்ல, ஓட்டுப் பெற்ற குடிகளே!

அக்காலத்தவரை இக்கால அளவுகோலால் அளக்கலாமா என்று சில பண்டிதர்கள் கேட்கக் கூடும். இயற்கை எவரையும் அடிமையாகப் படைக்கவில்லை என்று சொன்ன அல்கிடமாஸும் ஒரு கிரேக்கரேதான். ஆனால் சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் வாதமே செல்வாக்குப் பெற்றது.

ஆகவே தோழர்களே! ஓட்டு மட்டும் வந்தால் போதும், மற்றவை தானாய் வரும் என்பவர்களிடம் ஏதென்ஸின் கதையைச் சொல்லுங்கள். பிறப்பின் உயர்வும் பூசாரியின் வாக்கும் ஒழியாத இடத்தில், ஓட்டுப் பெட்டியும் ஒரு நாள் விஷக் கிண்ணமாகிவிடும்.