நெற்றிச் சுருக்கமும் மருந்துச் சந்தையும்

புருவங்களுக்கு இடையே விழும் கோடுகளை மறைக்கும் போடாக்ஸ் ஊசியை அழகுச் சந்தை இளமை என்று விற்கிறது. பொட்டுலினம் எனும் நச்சுப்புரதம் நரம்பின் கட்டளை தசையைச் சென்றடையாமல் தடுக்கிறது, தசை தளர்கிறது. மூன்று, நான்கு மாதங்களில் அதன் விளைவு தேய்ந்துவிடும். மீண்டும் ஊசி, மீண்டும் லாபம்.

இம்மருந்து அழகுக்காக வந்ததல்ல. அமெரிக்காவில் 1989-இல் மாறுகண் போன்ற கண் நோய்களுக்கே அது அனுமதி பெற்றது; புருவங்களுக்கு இடையே விழும் கோடுகளுக்கு 2002-இல்தான். பெருமூளை வாதத்தால் கால் இறுகிய குழந்தைகளுக்கும், பக்கவாதத்தால் கை மடங்கியவர்களுக்கும் இன்று அது சிகிச்சை.

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் பெண் தொழிலாளர்கள் 2015-இல் போராட எழுந்தபோது அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். மழையிலும் வெயிலிலும் கொழுந்து பறிப்போரின் நெற்றிக் கோடுகளுக்குக் காரணம் வயது மட்டுமன்று, உழைப்பும் கடனும்தான். இத்தகைய குடும்பத்தில் கால் இறுகிய குழந்தை இருந்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசிக்காக மலையிறங்க வேண்டும். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி இழப்பு.

பணமுள்ளவருக்கு அலங்காரமாகும் மருந்து, உழைப்பாளியின் குழந்தைக்கு எட்டாக்கனியாகக் கூடாது. இடுக்கி, பாலக்காடு மலைப்பகுதிகளுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைப்பதை மத்திய, மாநில அரசுகள் உறுதிசெய்ய வேண்டும்.