எந்த வண்டிக்கு பம்பு?

தேவிபட்டினத்தில் ஒரு டிரைவர். நவபாஷாணம் கும்பிட வருகிறவர்களை ஏற்றிச் செல்ல, அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் கார் உண்டு. அதன் தண்ணீர் பம்பு கெட்டுவிட்டது. ராமநாதபுரம் போனார்.

"எந்த வண்டிக்கு?" என்றார் கடைக்காரர்.

"அம்பாசிடர்."

"பெட்ரோலா, டீசலா?"

"டீசல்."

"எந்த டீசல்?"

டிரைவர் விழித்தார். உடம்பு அம்பாசிடர், உள்ளே இருப்பது மெட்டடார் வேனின் என்ஜின்! முன்பு வைத்திருந்தவரின் கைவேலை அது. வாங்கிய பம்பு பொருந்தவில்லை.

மறுநாள் பழைய பம்பையே பையில் போட்டு பஸ் ஏறினார். பை சொட்டியது. "மீனா?" என்று கேட்டார் கண்டக்டர்!

சிரிக்கலாம். ஆனால் அவருக்கு இரண்டு நாள் பிழைப்பு போயிற்று. அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இனி, பிரித்த வண்டிகளின் சாமான்தான் பெரும்பாலும் கதி. அதற்குப் பெயர்போன இடம் சென்னை புதுப்பேட்டை. எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். திருட்டு வண்டியின் சாமானாக இருந்தால், வாங்கியவருக்கும் வம்புதான்.

இன்னொன்று. அனுமதியில்லாமல் என்ஜினை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஏற்காது. விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரும். மாற்றியவர் யாராக இருந்தாலும், பதில் சொல்லவேண்டியவர் இப்போதைய சொந்தக்காரரே.

டிரைவருக்குப் பம்பு கிடைத்துவிட்டது. ஆனால் அவருடைய ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் 'பெட்ரோல்' என்றே இருக்கிறது. திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவதாகச் சொன்னார்.