வீட்டைப் பார்த்துச் சொல்ல என்ன கூலி? வீட்டு ஆய்வுக் கட்டணம் குறித்து எங்கள் நிலைப்பாடு

பெரியகுளம் முதல் கூடலூர் வரை, தேனி மாவட்டத்தின் ஐந்து வட்டங்களிலும் வீடுகளைச் சோதித்து அறிக்கை தரும் கட்டடப் பொறியாளர்களின் சங்கம் இந்த நிலைப்பாட்டை வெளியிடுகிறது. வீடு வாங்குவோரும், கட்டுவோரும், எங்கள் உறுப்பினர்களும் இதை ஒருசேரப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

வீட்டு ஆய்வுக் கட்டணம் அந்த வேலைக்கு ஆகும் நேரத்தையும் அதில் ஏற்கும் பொறுப்பையும் வைத்து அமைய வேண்டும். வீட்டின் விலையை வைத்து அமையக் கூடாது. கிரயம் முடிந்தால்தான் பணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. யாருக்காக அறிக்கை எழுதப்படுகிறதோ அவர் மட்டுமே கட்டணம் கொடுக்க வேண்டும். தரகர், காண்ட்ராக்டர், சிமெண்ட் கடைக்காரர், கசிவு அடைக்கும் மருந்து விற்பவர் என்று வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் ஆய்வு செய்பவருக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. அதேபோல், இவ்வளவுக்குக் குறைந்து யாரும் வாங்கக் கூடாது என்று ஒரு கட்டணப் பட்டியலைச் சங்கம் வெளியிடாது. உறுப்பினர்கள் சிலர் கேட்டும் இந்த முடிவுக்கு வந்திருக்கிறோம். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

கட்டி முடித்த வீட்டை அரசுத் தரப்பில் ஒருவர் வந்து பார்த்துச் சான்று தந்திருப்பார் என்று வாங்குபவர்களில் பலர் நம்புகிறார்கள். நம் பக்கத்துச் சிறு வீடுகளுக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, சிறிய குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குட்பட்ட வீடு கட்ட இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்களின் அலைச்சல் குறைவதால் அத்திட்டத்தை வரவேற்கிறோம். ஆனால் காகிதத்தில் அனுமதி இருப்பதும், கடைக்காலை எவ்வளவு ஆழத்தில் போட்டார்கள், தூணில் என்ன கம்பி வைத்தார்கள் என்று ஒருவர் நேரில் பார்த்திருப்பதும் வேறு வேறு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டியவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டரைத் தாண்டாத நிலத்தில் கட்டும் திட்டத்துக்குப் பதிவு தேவையில்லை. சின்னமனூரிலும் கம்பத்திலும் மூன்று சென்ட், ஐந்து சென்ட் என்று தனி மனையில் கட்டி விற்கும் வீடுகள் பெரும்பாலும் இந்த விலக்குக்குள்தான் வருகின்றன.

'பேங்க் இன்ஜினியர் வந்து பாத்துட்டாரு' என்பது இன்னொரு நம்பிக்கை. அவர் வந்தது உண்மைதான். வங்கி கொடுக்கப் போகும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா, சந்தை மதிப்பு என்ன, நான்கு எல்லையும் பத்திரத்தோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்து வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். மாடியில் தண்ணீர் தேங்குமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கடன் வாங்குபவரிடமிருந்து பிடிக்கப்படும் பணத்தில் எழுதப்பட்ட அந்த அறிக்கை பல நேரங்களில் அவர் கைக்கு வருவதுகூட இல்லை.

ஆக, வீட்டின் நலத்தை வாங்குபவர் சார்பில் பார்ப்பதற்கு, அவரே அமர்த்தும் ஆளைத் தவிர யாரும் இல்லை. அந்த ஆளுக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் நம் மாவட்டத்தில் எந்த ஒழுங்கும் இல்லை. "அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க, தெரிஞ்சவுகதான" என்ற அழைப்பில் பாதி ஆய்வுகள் நடக்கின்றன. போன இடத்தில் காபி கிடைக்கும், கட்டணம் கிடைக்காது. மீதியில், வீட்டைக் காட்டும் தரகரே ஒரு பொறியாளரையும் கூட்டி வருகிறார். வாங்குபவருக்குச் செலவில்லை என்பது அவர் சொல்லும் பெருமை. விற்பனை முடிந்தால் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று கமிஷன் பெறப்போகிறவர் கூட்டி வந்த ஆள், இந்த வீட்டை வாங்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வார்?

இலவச ஆய்வில் சட்டப்படியும் ஒரு பள்ளம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, காசு வாங்காமல் செய்து தரும் வேலையைச் 'சேவை' என்ற வரையறையில் சேர்க்கவில்லை. கட்டணம் கொடுத்து ரசீது வைத்திருப்பவர், ஆய்வில் கவனக்குறைவு இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. சும்மா பார்த்துச் சொன்னவர் மேல் அந்த வழியில் போக முடியாது. சொந்தபந்தங்களின் வீட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டாம் என்று உறுப்பினர்களை நாங்கள் தடுக்கப் போவதில்லை. அப்படிப் பார்த்தாலும் ஒரு சிறு தொகை வாங்கி, ரசீது கொடுத்து, பார்த்ததை எழுதிக் கொடுங்கள் என்கிறோம். உறவுக்கு அதுவே பாதுகாப்பு.

ஆய்வில் அப்படி என்ன வேலை இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக, ஆயிரம் சதுர அடியில் ஒரே தளமாக உள்ள வீட்டை எடுத்துக்கொள்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் முதல் கேள்வி மண்ணைப் பற்றியது. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் விளைந்த வயல்கள் மனைகளாகியிருக்கின்றன. பழைய ஆவணத்தில் நன்செய் என்று இருந்தால், எத்தனை அடி மண் கொட்டி மேடாக்கினார்கள், கடைக்கால் அந்தக் கொட்டிய மண்ணில் நிற்கிறதா, அதைத் தாண்டி இயற்கை மண்ணைத் தொட்டிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடமும், கட்டிய மேஸ்திரியிடமும் பேச வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலுக்கும், பூச்சு காய்ந்து விட்ட மயிரிழை விரிசலுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும். கதவு நிலையில் இடிக்கிறதா, சுவரில் ஓதம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, மேற்குச் சுவரில் தென்மேற்குக் காற்றோடு வரும் சாரல் இறங்கியிருக்கிறதா, தளத்தின் அடியில் கம்பி துருப்பிடித்த பழுப்புக் கோடு தெரிகிறதா, மாடித் தட்டோட்டைத் தட்டினால் எங்கே பொள்ளென்று கேட்கிறது என்று ஒவ்வோர் அறையாகப் போக வேண்டும்.

பிறகு மின்சாரம். எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு ஆர்சிசிபி (மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) விழுகிறதா என்பதைக் கருவி வைத்துத்தான் சொல்ல முடியும். செப்டிக் டேங்கின் கழிவுநீர் இறங்கும் உறிஞ்சு குழிக்கும் குடிநீர் போருக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். இந்தியத் தரநிலை கேட்பது 18 மீட்டர். மூன்று சென்ட் மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கே அவ்வளவு தூரம் வருவது அரிது. அதனால் அந்தப் போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்க வேண்டாம் என்று அறிக்கையில் எழுத வேண்டும். இதைச் சொல்லாமல் விடுபவர் அறிக்கை முழுமையானது இல்லை.

இவ்வளவுக்கும் தளத்தில் மூன்று மணி நேரம் ஆகும். படங்களைச் சேர்த்து வீட்டுக்காரருக்குப் புரியும் தமிழில் அறிக்கை எழுத இன்னும் மூன்று மணி நேரம். தேனியிலிருந்து கம்பத்துக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போக வரச் சேர்த்தால் ஒரு முழு வேலை நாள் போய்விடும். மேகமலைப் பக்கம் ஏறினால் அதற்கும் மேல். இன்னொன்றும் உண்டு. சித்திரை வெயிலில் பார்க்கும் மாடி ஐப்பசி அடைமழையில் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு மறுநாளும் வர வேண்டும். இரண்டாவது வருகைக்குக் கட்டணம் கேட்பது நியாயமே. தண்ணீர் கட்டிப் பார்க்காமல் 'கசிவு இல்லை' என்று எழுதுவது எந்தக் கட்டணத்துக்கும் நியாயமாகாது.

கருவிகளைக் காட்டிக் கட்டணத்தை ஏற்றும் பழக்கத்தையும் இங்கே கண்டிக்கிறோம். ரீபவுண்ட் சுத்தியல் என்ற கருவி கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தை வைத்து வலிமையை ஊகிக்கிறது. அந்த ஊகம் 25 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதற்கான இந்தியத் தரநிலையே ஒப்புக்கொள்கிறது. தளத்தில் பத்து இடத்தில் அதை வைத்து அழுத்தி, வந்த எண்ணைத் தீர்ப்புப் போல அறிக்கையில் அச்சடித்து, தனிக் கட்டணம் வாங்குவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். சந்தேகம் உள்ள தூணுக்கு மட்டும், மற்ற சோதனைகளோடு சேர்த்து, எதற்காகச் செய்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும்.

விலையில் விழுக்காடு வைத்துக் கட்டணம் வாங்குவதற்கு நம் நாட்டில் பழைய பழக்கம் உண்டு. செல்வ வரி இருந்த காலத்தில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களுக்கு அப்படித்தான் விதித்திருந்தார்கள். 2015இல் அந்த வரியே போய்விட்டது. ஆய்வுக்கு இந்த முறை பொருந்தாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. தேனி புதிய பேருந்து நிலையத்துக்கு அருகே இருக்கும் வீடும், உள்கிராமத்தில் இருக்கும் அதே அளவு வீடும் விலையில் மடங்கு மடங்காக வேறுபடும். சோதிக்கும் வேலையில் வேறுபாடு இல்லை. சொல்லப் போனால், விலை குறைந்த பழைய வீட்டில்தான் பார்க்க வேண்டியது அதிகம்.

இனி கட்டணப் பட்டியல். போட்டிச் சட்டம், 2002, மூன்றாம் பிரிவின்படி, ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி விலையை நிர்ணயிப்பது போட்டியைக் கெடுக்கும் செயலாகவே கருதப்படும். சங்கம் எடுக்கும் முடிவும் அதில் அடங்கும். சட்டம் தடுப்பதால் மட்டும் நாங்கள் ஒதுங்கவில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் வட்டாரத்தில் 1971இல் கோல்ட்ஃபார்ப் தம்பதியர் வீடு வாங்கப் போனார்கள். அதற்கு வில்லங்கம் பார்க்க வழக்கறிஞர் தேவைப்பட்டார். வழக்கறிஞர் சங்கம் போட்ட பட்டியலின்படி, வீட்டு விலையில் ஒரு விழுக்காடு கேட்டார்கள். தம்பதியர் 36 வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பதில் போட்ட 19 பேரில் ஒருவர்கூடப் பட்டியலுக்குக் கீழே வர முன்வரவில்லை. வழக்கு மேலே போய், 1975இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பட்டியல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கும் ஒரு குடும்பத்தை அப்படிக் கதவு கதவாகத் தட்ட வைக்க நாங்கள் விரும்பவில்லை. அதனால்தான் இந்த அறிக்கையில் கட்டணத்தைப் பற்றி மணிக்கணக்கு இருக்கிறது, ரூபாய்க் கணக்கு இல்லை. ஒவ்வொரு உறுப்பினரும் தன் ஒரு நாள் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று தானே வைக்கட்டும். வாங்குபவர் இரண்டு மூன்று பேரிடம் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

ஒப்பிட வேண்டுமானால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதித் தர வேண்டும். எனவே வண்டி எடுப்பதற்கு முன்பே, என்னென்ன பார்க்கப்படும், எது பார்க்கப்படாது, எத்தனை மணி நேரம், எத்தனை வருகை, போக்குவரத்துக்கு எவ்வளவு, அறிக்கை எப்போது கைக்கு வரும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது எங்கள் உறுப்பினர்களுக்குக் கட்டாயம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் 18 விழுக்காட்டைத் தனியாகக் காட்ட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவு இல்லாதவர்கள் அந்தப் பெயரில் எதுவும் வாங்கக் கூடாது. ஆய்வு செய்தவரே அந்த வீட்டின் பழுது வேலையை எடுத்துச் செய்வதும் கூடாது. குறை கண்டுபிடிப்பதில் லாபம் பார்க்கிறார் என்ற சந்தேகத்துக்கு அது இடம் தரும். இந்த விதியால் உறுப்பினர்களுக்கு வருமானம் குறையும் என்று தெரிந்தே வைக்கிறோம்.

கட்டணம் அதிகம் என்று தோன்றுபவர்களுக்கு ஒரு கணக்கு. 30 லட்சம் ரூபாய்க்குப் பதிவாகும் வீட்டுக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை, 2 விழுக்காடு பதிவுக் கட்டணம் என்று 2,70,000 ரூபாய் கட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறோம். அந்த 30 லட்சம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவரின் ஒரு நாள் உழைப்புக்குக் கொடுப்பதில் பேரம் பேசுவது சரியா என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதும் எங்களுக்குத் தெரியும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் உதவியில் 360 சதுர அடி வீடு கட்டுபவரிடம் முழுக் கட்டணம் எதிர்பார்க்க முடியாது. அத்தகைய வீடுகளில் அரசு ஓவர்சியர் பார்ப்பதற்கு மேல் சந்தேகம் இருந்தால், தளக் கான்கிரீட் போடும் முன் கம்பியை மட்டும் பார்த்துத் தரும் அரை மணி நேர ஆய்வை, போக்குவரத்துச் செலவுக்கு மட்டும் செய்து தர உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கான்கிரீட் போட்ட பிறகு ஒரு நாள் முழுக்கத் தேடுவதைவிட அந்த அரை மணி நேரத்தில் தெரிவது அதிகம்.

விற்பவரே ஆய்வுச் செலவை ஏற்றால் என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல் வீட்டை விற்பனைக்கு வைப்பவரே ஆய்வு அறிக்கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒரே வீட்டைப் பத்துப் பேர் தனித்தனியாகப் பார்க்கும் செலவு அதில் மிச்சமாகிறது. ஆனால் அங்கே அந்த அறிக்கையை எழுதுபவர் மேல் கண்காணிப்பு உள்ள தொழில் அமைப்பு இருக்கிறது. கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதுபோல், பொறியாளர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த நம் நாட்டில் தேசிய அளவில் சட்டம் இல்லை. அது வரும்வரை, இங்கே விற்பவர் கொடுக்கும் காசில் எழுதும் அறிக்கையை வாங்குபவர் நம்ப வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

மாவட்டத்தில் வீட்டுக் கடன் தரும் வங்கிகளிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே. கடன் வாங்குபவரின் பணத்தில் எழுதப்படும் மதிப்பீட்டு அறிக்கையின் நகலை, பத்திரப் பதிவுக்கு முன்பே அவரிடம் கொடுங்கள். 'இது மதிப்பீடு மட்டுமே, கட்டடத்தின் உறுதியை ஆராய்ந்தது அல்ல' என்று அதன் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சிடுங்கள்.