கடற்கோட்டையும் ஒரு சிலாசாசனமும்

குறிகட்டுவானில் படகேறி, நயினை நாகபூஷணி அம்மனைத் தரிசித்து, பொழுது சாயுமுன் யாழ்ப்பாணம் திரும்பிவிடும் யாத்திரிகர்களுள், வேலணையில் வழிமாறி ஊர்காவற்றுறையையும் பார்த்துச் செல்ல வேண்டுமென்று எண்ணுவோர் மிகச் சிலரே. அந்தச் சிலரும் கரையில் நின்று, காரைநகருக்குப் போகும் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகை எதிர்பார்த்தபடி, நீருக்கு நடுவே சிறு திட்டொன்றை முற்றாக நிறைத்து நிற்கும் கடற்கோட்டையைப் படம்பிடித்துக்கொண்டு போய்விடுகின்றனர்.

போர்த்துக்கேயர் கட்டி, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பிற்காலத்தில் சிறைக்கூடமாகவும் இருந்த அக்கோட்டை, இன்று கடற்படையினரின் பொறுப்பில் உல்லாச விடுதியாக விளங்குகிறது. பாழடைந்து கிடப்பதைக் காட்டிலும் இது மேல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அறைக்கு வாடகை கொடுக்க இயலாத உள்ளூர்ப் பள்ளி மாணவனும் அதன் கொத்தளத்தில் ஏறி நின்று பார்க்க ஒரு வழி இருக்க வேண்டுமல்லவா? நெடுந்தீவுக் கோட்டையின் கதி வேறு. பவளக்கல் அடுக்கிக் கட்டிய அதன் சுவர்களில், சாந்து உதிர்ந்த இடங்களிலெல்லாம் பவளப் பூச்சிகள் வாழ்ந்த நுண்துளைகள் வரிவரியாகத் தெரிகின்றன. விரலால் அழுத்தினால் மாவாக உதிரும் நிலையிலும் சில கற்கள் உள்ளன.

என் அபிப்பிராயத்தில், கோட்டைகளைவிடப் பெரிய செல்வம் நயினை அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சிலாசாசனமே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மகா பராக்கிரமபாகு மன்னன் பொறிப்பித்த அச்சாசனம், பரதேசத்து வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கூறி, யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நான்கிலொரு பங்கு மட்டுமே அரச பண்டாரத்துக்கு என்றும், பிற சரக்கு ஏற்றிய கலமாயின் சரிபாதி என்றும் விதிக்கிறது. ஊராத்துறை என்றது இதே ஊர்காவற்றுறையைத்தான். பறங்கியர் பீரங்கி ஏற்றுவதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னமே, கரை ஒதுங்கிய அந்நியனின் பொருளுக்கும் நியாயம் வகுத்த துறைமுகம் அது. அந்த நியாயத்திலும் குதிரைமீது மன்னனுக்கிருந்த ஆசை எட்டிப் பார்க்கிறது என்பது வேறு கதை.

இச்செய்தியைச் சொல்லும் பலகையொன்று ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வேண்டும்; சாசனத்தின் பிரதியும், அதன் பொருளை எளிய தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய குறிப்பும் அதில் இடம்பெற வேண்டும். போரினால் மக்கள் பெயர்ந்து, கூரையிழந்த வீடுகள் இன்னமும் நிற்கும் அவ்வூரில், வருவோருக்கு வழிகாட்டும் வேலையை அங்குள்ள இளைஞருக்கே கொடுப்பதும், மாதத்தில் ஒரு நாளேனும் கடற்கோட்டையைப் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல.