கூட்டமில்லாக் கடற்கரைகளும் முக்கால் கணக்கும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இல்லந்தோறும் எழும் வினா ஒன்றுதான்: பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? ஆண்டுதோறும் ஊர் சென்று வர எல்லோர்க்கும் வசதி வாய்ப்பதில்லை. சௌபாத்திக்கோ ஜுஹுவுக்கோ சென்றால் கடல் அலையினும் மனிதத் தலைகளையே மிகுதியாகக் காண்கிறோம். ஆதலின், சுற்றுலா நடத்துவோர் எவர் தயவும் வேண்டாது, மின்சார ரயிலிலும் படகிலும் நாமே ஏறிக் காலையில் சென்று மாலையில் மீளத்தக்க கடற்கரைகள் சிலவற்றை இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மிக அண்மையிலுள்ளது மனோரி. மாலாடில் இறங்கி, பேருந்தில் மார்வே துறையை அடைந்து, உப்பங்கழியைப் படகில் கடந்தால் அக்கரையே மனோரிதான். மீனவரும், 'கிழக்கிந்தியர்' எனப்படும் கிறிஸ்தவரும் தொன்றுதொட்டு வாழும் சிற்றூர் அது. மேற்குக் கரையின் பழங்குடிகள் கிழக்கிந்தியர் என்று பெயர் பூண்டது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து விந்தை!

சற்றுத் தொலைவு செல்ல மனமுடையோர்க்கு நாம் முதலிற் சொல்லுவது கேள்வே. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் மின்சார ரயில் விராரைத் தாண்டி டகாணு வரை நீண்டது. அது முதல் இவ்வூர் நம்மனோர் கைக்கெட்டும் செலவில் வந்துவிட்டது. தாராவி அன்பர்கள் மாஹிமிலும், மாதுங்கா அன்பர்கள் தாதரிலும் ஏறலாம். செம்பூரார் குர்லாவில் மாறித் தாதர் வந்து சேர வேண்டும். விராரில் இறங்கி டகாணு வண்டி பிடித்து, கேள்வே ரோடு நிலையத்தில் இறங்கினால், பலர் கூடி ஏறும் ஆட்டோக்கள் ஊருக்குள் கொண்டு சேர்க்கும். வெற்றிலைக் கொடிக்கால்களினூடே செல்லும் அவ்வழியே நம் ஊர்ப்புறத்தை நினைவூட்டும். கடலோரம் நெடுகச் சவுக்குத் தோப்பு. அருகே சீதளாதேவி கோயில். கட்டுச்சோற்றை அவிழ்த்து அமர அந்நிழலினும் சிறந்த இடம் வேண்டுமோ? ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கும் சிறிது கூட்டம் உண்டு. வார நாட்களே உகந்தவை. டகாணு வண்டிகள் எண்ணிக்கையிற் குறைவு. திரும்பும் வண்டியின் நேரத்தைப் புறப்படும் முன்னரே குறித்துக்கொள்க.

இன்னும் வடக்கே, டகாணுவுக்கு அப்பால், சப்போட்டாத் தோட்டங்கள் சூழ்ந்த போர்டி. அங்கே ஓர் இரவு தங்கும் வசதியுடையோர் சென்று வருக. அதே டகாணுக்கு அருகில் வாதவண் துறைமுகத்துக்கு 2024 ஆகஸ்டு 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மீனவ மக்களின் எதிர்ப்பு ஒருபுறம் இருக்க, அக்கரையின் அமைதி இனி எத்தனை நாள் நீடிக்குமோ அறியோம்.

இனிச் சொல்ல வேண்டியதே முதன்மையானது. கூட்டமில்லாத இடம் என்றால் கூவினால் கேட்க ஆளில்லாத இடம் என்றும் பொருளாகும். அன்றியும், இக்கடல் நம் ஊர்க் கடல் அன்று. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடலேற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர் மாறினாலே மிகுதி. பம்பாயிலோ, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி அது 4 மீட்டரையும் கடக்கும். இரண்டு ஆள் உயரம்! கடலடி நெடுந்தொலைவு ஆழமின்றிப் பரந்திருப்பதும், வடக்கேயுள்ள காம்பே வளைகுடா புனல்போலக் குறுகிச் செல்வதும் இதற்குக் காரணம். ஆகவே வடக்கே செல்லச் செல்ல ஏற்றம் இன்னும் மிகும். வற்றிய வேளையில் கேள்வேயிலும் போர்டியிலும் ஈர மணல் வெகுதூரம் விரிந்து கிடக்கும். கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டே பிள்ளைகள் நெடுந்தொலைவு சென்றுவிடுவர். நீர் திரும்புகையில் முன்னிருந்து மட்டும் வருவதில்லை. பின்னேயுள்ள பள்ளங்களை முதலில் நிரப்பி வழியை மறித்துவிடும்.

இதனை அறிந்துகொள்ளக் கொங்கணக் கரையார் வழங்கும் கணக்கு ஒன்றுண்டு. நம் வீட்டு நாட்காட்டியே அதற்குப் போதும். அன்றைய திதியின் எண்ணை முக்காலாற் பெருக்குக; வருவது ஏற்றம் உச்சமடையும் மணி. சதுர்த்தியாயின் நான்கு முக்கால் மூன்று. பகலிலும் இரவிலும் மூன்று மணியளவில் ஏற்றம், ஒன்பது மணி வாக்கில் வற்றம். அஷ்டமியாயின் ஏற்றம் ஆறு மணிக்கு, வற்றம் பன்னிரண்டுக்கு. அமாவாசை, பௌர்ணமிகளில் நண்பகலை ஒட்டி ஏற்றம். அந்திப் பொழுதில் வற்றம். இது மதிப்புக் கணக்கே. முன்பின் ஒரு மணி நேரம் தள்ளிக் கொள்ளுதல் வேண்டும். வடக்கே சிறிது பிந்தவும் செய்யும்.

ஆடி அமாவாசையன்று கடலாடுதல் நம்மவர் வழக்கம். ஊரில் அதற்கு இடையூறில்லாதிருக்கலாம். இங்கோ அது பெருமழைக் காலம். அமாவாசை ஏற்றமும் மழைக்காலப் பேரலையும் நண்பகலில் ஒன்றுகூடும் நாள். அன்று நீரில் இறங்கலாகாது. கரையில் நின்று தீர்த்தம் தெளித்துக்கொள்வதே போதுமென்று பெரியோரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு இளைஞருடையது. மழை நீங்கிய பின்னும் கடலை முற்றும் நம்புதற்கில்லை. 2016 பிப்ரவரி முதல் நாள், முருட் கடற்கரையில் புனேயிலிருந்து உலா வந்த மாணவ மாணவியர் 14 பேர் மூழ்கி மாண்டனர். அது மழைக்காலமும் அன்று, புயற்காலமும் அன்று.

முழங்காலளவுக்கு மேல் பிள்ளைகளை விடாதீர்கள். நீர் வடியும் வேளையில் இழுப்பு மிகுதி. அப்போது கரையிலேயே விளையாடட்டும். ஆற்று முகத்துவாரங்களை அறவே விலக்குக. விராருக்கு அண்மையில், வைதரணை ஆறு கலக்கும் அர்னாளா காண்பதற்கு இனியதே, குளிப்பதற்கு அன்று. எவ்வூர் சென்றாலும் வலை உலர்த்தும் மீனவரிடம் முதலில் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். மராத்தியில் ஏற்றத்துக்குப் 'பர்தீ' என்றும் வற்றத்துக்கு 'ஓஹோட்டீ' என்றும் பெயர். இவ்விரு சொற்களையும் கூறி, விரலால் கடலைச் சுட்டினாலே போதும், மணியைச் சொல்லிவிடுவர்.