கூரையைக் கழற்றலாமா?

குத்தாலம் என்றவுடன் அருவியை நினைத்துக்கொள்ளும் அன்பர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் உபாத்தியாயம் செய்யும் ஊர் தென்காசிக்கு அருகிலுள்ள குற்றாலம் அன்று. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில், காவிரியின் தென்கரையில் இருக்கும் குத்தாலம். இங்கே தலையில் வந்து விழும் அருவி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஓட்டு இடுக்கு வழியாக வந்து விழும் மழைதான் உண்டு. இந்த வாரம் எழுதப் புகுந்திருக்கும் விஷயத்துக்கும் அந்த மழைக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. விஷயம், பழைய மோட்டார் வண்டி.

என்னிடம் படித்துவிட்டு இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கும் பிள்ளை ஒருவர் சமீபத்தில் கேட்டார்: "ஸார்! தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதை வீட்டிலேயே சீர்செய்து, மேல்கூரையை எடுத்துவிட்டு, சினிமாவில் வருகிற மாதிரி திறந்த வண்டியாக ஆக்கலாம் என்று இருக்கிறோம். உங்கள் அபிப்பிராயம் என்ன?"

இது ஒருவருடைய கேள்வி மட்டும் அல்ல. பழைய வண்டியைப் புதுப்பிக்கும் ஆசை இப்போது பல வீடுகளில் பரவி வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் பழைய வண்டி என்றாலே அது கூரையில்லாத வண்டியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ கூடவே வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கூரையில்லாத வண்டி என்பது ஆதியில் ஆடம்பரத்தின் அடையாளம் அன்று. மூடிய வண்டிதான் அப்போது ஆடம்பரம். 1919ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார்களில் ஏறக்குறையப் பத்துக்கு ஒன்பது திறந்த வண்டிகள். மழை வந்தால் கித்தானை இழுத்து மூடிக்கொள்ள வேண்டியதுதான். எஃகுத் தகட்டை அடித்து மலிவாக மூடிய உடல் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு, அடுத்த பத்து வருஷங்களுக்குள் அந்தக் கணக்குத் தலைகீழாக மாறிவிட்டது. அதன் பின்னர்தான் திறந்த வண்டி அபூர்வமாயிற்று, அபூர்வமானதால் அழகாயிற்று, அழகானதால் விலை ஏறிற்று.

இனி ஹெரால்டு வண்டிக்கு வருவோம். இதன் பிறப்பே ஒரு சங்கடத்தில் விளைந்தது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு வண்டி உடல் அடித்துக் கொடுத்து வந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்னும் தொழிற்சாலை, 1953ல் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்விக்க வழியில்லை. ஆகவே, அடியில் தனியாக ஒரு எஃகுச் சட்டம். அதன் மேல் பல இடங்களில் செய்த துண்டுகளைப் போல்ட்டு போட்டுப் பூட்டிய உடல் என்று ஏற்பாடு செய்தார்கள். இத்தாலியரான மிக்கெலோட்டி உருவம் வரைந்து கொடுத்தார். 1959ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. கூரையும் தனித் துண்டாகையால், அதே வண்டியைத் திறந்த வண்டியாகவும் சாமான் வண்டியாகவும் மாற்றிச் செய்வது சுலபமாயிற்று. 1960ல் கித்தான் கூரை போட்ட ஹெரால்டும் அங்கே வந்தது.

நம் பக்கத்துக் கூண்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். அடியில் பாரும் சட்டமும் தனி. மேலே கூண்டு தனி. கூண்டை எடுத்துவிட்டால் நெல் மூட்டை ஏற்றலாம். ஹெரால்டின் சூட்சுமமும் ஏறக்குறைய அதுதான். ஆகையால்தான் இரண்டு கதவு ஹெரால்டைப் பார்த்த மாத்திரத்தில், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் கூரையின் மேல் கண் போகிறது.

ஆனால் எல்லா வண்டிக்கும் இந்த நியாயம் பொருந்தாது. அம்பாஸிடர், பழைய ஃபியட் ஆகியவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தரை, பக்கம், கூரை எல்லாம் சேர்ந்துதான் பலம். மூடியுள்ள அட்டைப் பெட்டி ஒன்றை இரு முனையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், லேசில் அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். துணியைப் போல் வளைந்து கொடுக்கும். கூரையை அறுத்த அம்பாஸிடரின் கதியும் அதுவே. கதவு சேராது, பள்ளத்தில் இறங்கினால் நடுவில் தொய்யும், மோதினால் உள்ளே இருப்பவர்களுக்குக் காப்பு இல்லை.

"ஹெரால்டுக்குத்தான் சட்டம் இருக்கிறதே! கழற்றினால் என்ன?" என்று கேட்கலாம். இன்னொரு சட்டமும் இருக்கிறது, தம்பி! அது மோட்டார் வாகனச் சட்டம். கம்பெனி செய்து கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. மேலும் 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழமை வாய்ந்த வண்டிகளுக்கென்று தனி விதிகள் செய்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த வண்டி, சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாறுதல் செய்யாமல் பூர்வ உருவத்தில் இருந்தால், அதற்குப் பழமை வண்டி என்ற அந்தஸ்து உண்டு. புதிதாகப் பதிவதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பந்தய ஊர்வலம், பழுது பார்த்தல் போன்ற காரியங்களுக்கு மட்டும் தெருவில் ஓட்டலாம். தினசரி கடைக்குப் போய்வர முடியாது. கூரையைக் கழற்றிய அன்றே இந்த அந்தஸ்துக்கு உரிமை போய்விடுகிறது. தாத்தா வைத்துவிட்டுப் போன சொத்தில் பாதியைப் பேரன் தன் கையாலேயே அழித்ததாக ஆகும்.

சட்டம் கிடக்கட்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 1920களில் ஃபோர்டு கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் நம் தேசத்துக்கு வந்தபோது, அங்கே செய்த பாகங்களைப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றார்கள். சுதந்திரம் வந்த பிறகு, 1953ல், வண்டியைப் படிப்படியாக இங்கேயே செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் தொழில் நடத்தலாம் என்று சர்க்கார் முடிவு செய்ததும், அவர்கள் மூட்டை கட்டினார்கள். அந்த முடிவுக்குப் பின் நிலைத்து நின்ற மோட்டார்த் தொழிற்சாலைகளில் ஒன்று, 1948ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ். இருந்த இடம் சென்னைக்கு அடுத்த வண்டலூர். 1961 முதல் அங்கே ஹெரால்டு செய்தார்கள். 1960களின் பிற்பகுதியில் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். அப்படி ஒரு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது! 1980களின் இறுதியில் அங்கே கார் செய்வது நின்றுவிட்டது. ஆகவே, நம் ஊர் ஆட்கள் வண்டலூரில் தட்டிப் பூட்டிய வண்டிகள் இனிப் பிறக்கப் போவதில்லை, குறையத்தான் போகின்றன. அவற்றில் ஒன்றின் கூரையைக் கழற்றி, அது ஒருபோதும் இராத வெளிநாட்டு வண்டி போல வேஷம் போடுவானேன்? சீர்செய்தல் என்றால் அது எதுவாக இருந்ததோ அதுவாகவே நிற்கச் செய்வது.

சரி, வீட்டில் எப்படித் தொடங்குவது? முதல் ஆயுதம் ஸ்பேனர் அன்று, நோட்டுப் புத்தகம். ஒரு திருகைக் கழற்றுமுன் படம் எடுங்கள்; கழற்றியதைச் சிறு பையில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கட்டுங்கள். இந்த வேலையை வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் ஆண்களைவிட நன்றாகச் செய்கிறார்கள். ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் பூட்டும்போதுதான் இதன் அருமை தெரியும்.

அடுத்து, வண்டியை மாட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரர் ஆட்சியில், மழைக் காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. 1921ல் காரணம் விளக்கமாயிற்று. குதிரையின் மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி ஈரக் காற்றோடு சேர்ந்து, உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும் பித்தளையைப் பிளந்துவிடுகிறது. மாட்டுக் கொட்டகையும் அப்படித்தான். பழைய வண்டியின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்தது. போதாக்குறைக்கு, வைக்கோல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் மின்சார வயர் இராது.

துருப் பிடித்த சிறு பாகங்களுக்கு வீட்டு முறை ஒன்று சொல்கிறேன். பிளாஸ்டிக் தொட்டியில், நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக் கரண்டி வீதம் வாஷிங் ஸோடாவைக் கரைத்துக்கொள்ளுங்கள். பாட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்திலும், நேர்முனையைப் பழைய இரும்புத் துண்டிலும் பூட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நீரில் அமிழ்த்தினால், சில மணி நேரத்தில் துரு கழன்று வரும். எவர்சில்வரை நேர்முனையில் வைக்கவே கூடாது. விஷமான குரோமிய உப்பு உண்டாகும். அலுமினியப் பாகத்தை அந்த நீரில் போடவும் கூடாது. எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு எழும்புமாதலால் வெட்ட வெளியில் செய்ய வேண்டும். சார்ஜரை நிறுத்திவிட்டுத்தான் கையை நனைக்க வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலரத் தேய்த்துத் தூசி பறக்க விடாதீர்கள், நீர் விட்டுத் தேயுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும்; அந்தத் தூசியை வாயால் ஊதுவதும் காற்றடித்து விரட்டுவதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிட வேண்டும்.

வெகுகாலம் நின்ற எஞ்சினைச் சாவி திருப்பி எழுப்ப அவசரப்படக் கூடாது. கும்பகர்ணனையே லேசில் எழுப்ப முடியவில்லை! ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இளகிய எண்ணெய் சிறிது விட்டுச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு கையாலேயே திருப்பிப் பாருங்கள். பழைய பெட்ரோலையும் ஆயிலையும் வடித்துவிட்டுப் புதிது விட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக்கைக் கவனியுங்கள். ரப்பர்க் குழாய்களும் வீல் சிலிண்டர்களும் புதிதாகட்டும். ஓடாத வண்டியால் ஒருவருக்கும் ஆபத்தில்லை. நிற்காத வண்டியால் ஊருக்கே ஆபத்து.

இக்காலத்துப் பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 முதல் நம் தேசத்தில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவி வந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழங்கால ரப்பரை இளக்கிவிடும். ஆகவே டாங்கியிலிருந்து கார்ப்பரேட்டர் வரை உள்ள குழாய்களை எத்தனாலுக்குத் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மாதக் கணக்கில் வண்டி நிற்கப் போவதானால் டாங்கியில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

உண்மையிலேயே திறந்த வண்டியாகப் பிறந்த வண்டியை வைத்திருக்கும் பாக்கியசாலிகளும் உண்டு. அவர்களுக்கு வேலை இரட்டிப்பு. 1920, 30களின் வண்டிகள் பலவற்றில் தகட்டுக்கு அடியில் மரச் சட்டம் இருக்கும். அது உளுத்திருந்தால் தகட்டை எத்தனை தட்டி எடுத்தாலும் பயனில்லை. முதலில் தச்சரைத்தான் அழைக்க வேண்டும். கித்தான் கூரையை நனைந்தபடியே மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து மடிப்பிலேயே கிழியும். நம் ஊர் அடைமழையில் இந்த ஒரு விதியை மறக்காமல் இருப்பவர்தாம் திறந்த வண்டிக்குத் தகுதியானவர்.

இவ்வளவையும் தனி ஒருவரே செய்துவிட முடியாது. தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டியே பழைய வளைவுக்குக் கொண்டுவரும் டிங்கர் வேலைக்காரர், குஷனைக் கையால் தைப்பவர், ரேடியேட்டருக்கு ஈயம் பற்ற வைப்பவர் ஆகியோர் நம் ஜில்லாப் பட்டணங்களில் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள். பழையதை நீக்கிப் புதியதைப் பூட்டும் இந்தக் காலத்தில் அவர்களுக்கு வேலையும் குறைவு, சீடர்களும் குறைவு. வண்டிக்காவது இன்னும் சில வருஷம் காத்திருக்கப் பொறுமை உண்டு. அந்தக் கைகளுக்கு அவகாசம் அவ்வளவு இல்லை. ஆகவே வீட்டுப் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, சுத்தியல் எந்த இடத்தில் எவ்வளவு பலமாக விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், கூலியை மறுநாளைக்கு என்று தள்ளாமல் கையில் கொடுத்து, வண்டியின் முன் ஆசனத்தில் முதலில் அவரையே உட்கார வைத்து ஊரைச் சுற்றி வாருங்கள்.

காற்று வேண்டுமென்றால் கண்ணாடியை இறக்கிக்கொண்டால் போதும். காவிரிக் கரையில் சாயங்காலக் காற்றுக்குப் பஞ்சமா என்ன?